சாயங்காலம் முடியாத வீடு

முகவரிப்படி அந்த வீடு மூன்றாவது மாடியில் இருந்தாக வேண்டும். போய்ப் பார்த்தால் அங்கே ஒரு குளம் இருந்தது. குளத்தில் வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன.

இதைச் சொல்லி முடித்துவிட்டு, வந்தவர் தன் பெட்டியை மடியில் தூக்கி வைத்து இறுகக் கட்டிக்கொண்டார். சொந்த ஊரில் லிஃப்ட் மெக்கானிக். காலையில்தான் விமானத்தை விட்டு இறங்கியிருந்தார். தங்கைக்கு இந்த நாட்டில் ஒரு பல் ஆய்வுக்கூடத்தில் வேலை. பொய்ப்பல் செட் கட்டுகிற வேலை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டி, அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். தட்டுவதற்குக் கதவு இல்லை. அவளுடைய போனும் காலையிலிருந்து அணைந்து கிடந்தது.

"மூணாவது மாடின்னா கொஞ்சம் ஆழத்துல இருக்கும் சார்," என்றான் குச்சி.

சித்தி அவனை ஒரு பார்வை பார்த்தாள். குச்சி வாயை மூடிக்கொண்டான்.

சித்தி என்பது பெயரில்லை, உறவு. குச்சியின் அம்மாவுக்கு அடுத்துப் பிறந்தவள். ஒரு காலத்தில் காப்பீட்டு நிறுவனத்தில் உட்கார்ந்து, தாங்களே கொளுத்திவிட்டுத் தீ விபத்து என்று வருகிறவர்களை மோப்பம் பிடித்தவள். கணவருக்கு மாற்றல் வந்து இந்த ஊருக்குக் குடிவந்த பிறகு சும்மா இருக்கக் கை அரித்து, 'சித்தி துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டிவிட்டாள். நம் மொழி பேசுகிறவர்கள் எல்லாருக்கும் அவள் சித்திதான். அக்கா மகனான குச்சி வேலை போனதும் கொஞ்ச நாளைக்கு என்று வந்து ஒட்டிக்கொண்டவன், முழுப்பட்டம் ஒட்டடைக்குச்சி. எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான்.

அலுவலகம் ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்தது. கீழே இயந்திரங்கள் துணி பிழியத் தொடங்கினால் மேலே நாற்காலிகள் தாமாக நகரும். லிஃப்ட்காரர் மேசைக்கு எதிரே கதையை ஆரம்பித்தவர், குளம் வந்தபோது சன்னலோரம் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

காவல் நிலையத்துக்குப் போனாராம். வயசு வந்த பெண், அரை நாள் போன் எடுக்கவில்லை என்பதற்கெல்லாம் தேட முடியாது, சாயங்காலம் வரை பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆய்வுக்கூடமும் பூட்டிக் கிடந்தது. தங்கையின் தோழிகள் யாரையும் அவருக்குத் தெரியாது. அதற்கும் காரணம் தான்தான் என்று தலையைக் குனிந்துகொண்டார். கூட வேலை பார்க்கிற பெண்களோடு சேர்ந்து ஒரு வீடு எடுக்கிறேன் என்று அவள் கேட்டபோது, முன்பின் தெரியாதவர்களோடு என்ன வாசம், பாதுகாப்பாகத் தனி வீடு பார் என்று சொன்னவர் அவர். இணையத்தில் விளம்பரம் பார்த்து, வீட்டுக்காரன் அனுப்பிய வீடியோவை ஊரில் எல்லாரும் கூடி உட்கார்ந்து பார்த்து, கதவில் பூட்டு கனமாக இருக்கிறது, இதையே எடு என்று முடிவு சொன்னவரும் அவர்தான்.

"குடி போனதுக்கு அப்புறம் அந்த வீட்டைப் பாத்திருக்கீங்களா?" என்று சித்தி கேட்டாள்.

வாரத்துக்கு இரண்டு முறை பார்த்திருக்கிறார். வீடியோ அழைப்பில். அம்மா திரும்பத் திரும்பப் பார்க்க ஆசைப்படுவதால் சிலவற்றைப் பதிவு செய்தும் வைத்திருக்கிறார். ஆக, வீடு இருக்கிறது. அதில் தங்கையும் இருக்கிறாள். இருக்கிற இடத்தில்தான் வாத்து நீந்துகிறது.

மூன்று பேரும் போனின் மேல் குனிந்தார்கள். அழகான ஹால். சாம்பல் நிற சோபா, அதன் வலது கோடியில் ஒட்டி உட்கார்ந்த ஒல்லியான பெண், பின்னால் ஆளுயர அலமாரி, பக்கத்தில் கட்டில், பெரிய சன்னல். சன்னலுக்கு வெளியே ஆரஞ்சு நிறத்தில் சூரியன் மறைந்துகொண்டிருந்தது. அடுத்த பதிவில் தங்கை காலைப் பலகாரம் முடிந்துவிட்டது என்கிறாள், சூரியன் மறைந்துகொண்டிருந்தது. அதற்கடுத்ததில் வெளியே பேய்மழை என்று தலையைத் துவட்டுகிறாள். சூரியன் தன் பாட்டுக்கு மறைந்துகொண்டிருந்தது.

மேசைமேல் ஒரு கிண்ணத்தில் ஆப்பிள்கள். மேலாக இருந்த ஆப்பிளை யாரோ ஒரு கடி கடித்திருந்தார்கள். அந்தக் கடி போன மாசமும் இருந்தது, இந்த மாசமும் இருந்தது. பழம் கறுக்கவே இல்லை.

"வீட்டுல ஏதோ இருக்கு சித்தி. சூரியனே வெளிய போக பயப்படுது," என்றான் குச்சி.

கடைசிப் பதிவில் நடந்ததைப் பார்த்ததும் அவனுக்கே முதுகு சில்லிட்டது. தங்கை அம்மாவிடம் மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு வயதான ஆணும் பெண்ணும் கைகோத்தபடி வருகிறார்கள். நேரே போய்க் கட்டிலில் உட்கார்கிறார்கள். மேலும் கீழும் குதித்துப் பார்க்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். தங்கை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

யார் என்று அம்மா கேட்டாளாம். வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள், அடிக்கடி வருவார்கள் என்றாளாம் தங்கை. வெளிநாட்டில் அப்படியெல்லாம் பழக்கம் போல என்று வீட்டில் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

சித்தி பதிவை நிறுத்தி, சோபாவின் ஓரத்தைப் பெரிதாக்கினாள். தங்கையின் முழங்கைக்குக் கீழே மஞ்சளாக ஏதோ தொங்கியது. எலி வால் என்றான் குச்சி. சித்தி எழுந்து, அவன் உட்கார்ந்திருந்த முக்காலியை அவனோடு சேர்த்துச் சாய்த்து, அடியில் கை விட்டு ஒரு மஞ்சள் நூலை இழுத்துக் காட்டினாள். நூல் நுனியில் விலை அட்டை ஆடியது. வாங்கிய அன்றே அறுத்தெறியச் சொல்லியிருந்தாள். குச்சிதான் நாளைக்கு நாளைக்கு என்று விட்டுவைத்திருந்தான்.

"உன் சோம்பேறித்தனம் முதல் தடவையா உதவுதுடா. ஊருக்கு வெளிய இருக்கே பெரிய ஃபர்னிச்சர் கடை, அங்க வாங்கினது. இந்தப் பொண்ணு உக்காந்திருக்கறதும் அங்கதான். அது வீடு இல்ல. கடையில அலங்காரத்துக்குப் போட்டு வச்சிருக்கற ரூம்."

கீழே ஒரு இயந்திரம் பிழிந்து ஓய்ந்தது.

அப்படியானால் அவளை ஏமாற்றிய ஆள் அனுப்பிய முதல் வீடியோவையும் பார்க்க வேண்டும் என்றாள் சித்தி. அதிலும் அதே சோபா, அதே சூரியன். படம் பிடித்தவன் முகத்தைக் காட்டவில்லை, குரல் மட்டும் தேனாய் ஒழுகியது. இது ஹால், நல்ல காத்து வரும், குடும்பத்துக்குப் பாதுகாப்பான இடம், நம்ம ஆளுங்கன்னாத்தான் குடுப்பேன் என்று நம் மொழியிலேயே பேசினான். வேற்று நாட்டில் நம் மொழி காதில் விழுந்தால் யாருக்கும் பாதி உஷார் கழன்று விழுந்துவிடும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் 'டிக்' என்று ஒரு சத்தம்.

"சுவர்க் கடிகாரம்," என்றான் குச்சி.

"முள்ளு நகரவே இல்லயேடா. அதுக்குள்ள மிஷினே இருக்காது, வெறும் பொம்மை. அப்ப டிக் டிக்குங்கறது எது?"

"வெடிகுண்டா இருக்குமோ?"

லிஃப்ட்காரரின் முகம் வெளிறியது. சித்தி கார் சாவியை எடுத்தாள்.

சித்தியின் கார் சின்னது. குச்சி முன்னால் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தான். பின்னால் பெட்டியும் அதைக் கட்டிக்கொண்ட அண்ணனும். வழியெல்லாம் அவர் பேசியது ஒன்றே ஒன்று: மற்ற நேரத்தில் அவள் எங்கே தூங்குகிறாள்? தெரியாது என்றாள் சித்தி. தெரியாததை அவள் எப்போதும் தெரியாது என்றுதான் சொல்வாள்.

கடை விமான நிலையம் மாதிரி பரந்து கிடந்தது. உள்ளே போனால் தரையில் அம்புக்குறிகள். அவை காட்டுகிற வழியில்தான் நடந்தாக வேண்டும். வாசலிலேயே பச்சைச் சட்டை போட்ட ஒருவர் லிஃப்ட்காரரின் பெட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார். நல்ல பல்வரிசை. ஊருக்குப் புதுசா, குடும்பம் பெரிசா, தங்க இடம் அமைஞ்சுதா என்று நம் மொழியிலேயே விசாரித்தார். லிஃப்ட்காரர் உருகிப் போய் எல்லாவற்றையும் கொட்டத் தயாரானார். சித்தி அவருடைய செருப்பை அழுந்த மிதித்துக்கொண்டு, சும்மா சோபா பார்க்க வந்தோம், சூரியன் மறைகிற சன்னல் வைத்த அறை எங்கே என்று கேட்டாள்.

அந்த அறையை இப்போது சுத்தம் செய்யப் போகிறார்கள், டிக், மத்தியானத்துக்கு மேல் வாருங்கள் என்றார் பச்சைச் சட்டை. அவருடைய சட்டைப் பையில் ஒரு பேனா இருந்தது. அதை அமுக்கி அமுக்கி விளையாடுகிறவர் போல என்று குச்சி நினைத்துக்கொண்டான்.

அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் மூவரும் அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். குச்சிக்குப் பொறுமை இல்லை. குறுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பிரிந்தவன், தட்டு டம்ளர் பகுதியில் நுழைந்து, படுக்கை விரிப்புகள் வழியாக வெளியேறி, மறுபடி தட்டு டம்ளருக்கே வந்து சேர்ந்தான். இரண்டாவது முறை அங்கிருந்த விற்பனைப் பெண் அவனைப் பார்த்துக் கையசைத்தாள். மூன்றாவது முறை சித்தியே வந்து காதைப் பிடிக்காத குறையாக இழுத்துப் போனாள்.

அறை இருந்தது. சோபா இருந்தது. கடித்த ஆப்பிள் இருந்தது, மெழுகு. சன்னலுக்குப் பின்னால் ஒரு விளக்கும் ஒரு படமும் இருந்தன. சூரியன் அதில் நிம்மதியாக மறைந்துகொண்டிருந்தது. சோபாவின் வலது கோடியில் விலை அட்டையை மறைத்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஆனால் தங்கை இல்லை. பேருந்து ஓட்டுநரின் சீருடை அணிந்த, நல்ல வாட்டசாட்டமான பெண். போனில் தன் கணவனுக்கு ஹாலைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் நிமிர்ந்து பார்த்து, போனை நெஞ்சில் கவிழ்த்துக்கொண்டு, கண்டிப்பாகச் சொன்னாள்: "அடுத்தவங்க வீட்டுக்குள்ள வரும்போது ஒரு வார்த்தை கேட்டுட்டு வரக் கூடாதா?"

குச்சி தன்னையும் அறியாமல் மன்னிப்புக் கேட்டுவிட்டான்.

வெளியே தட்டிச் சுவரை ஒட்டி இன்னும் நாலைந்து பேர் காத்திருப்பதை அப்போதுதான் கவனித்தார்கள். ஒரு வெல்டர் மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கீழே கரி படிந்த வேலைக் கால்சட்டையுமாக நின்றார். போனில் இடுப்புக்கு மேலேதானே தெரியும். ஒரு சமையற்காரர் தலை சீவிக்கொண்டிருந்தார். எல்லாரும் இந்த ஹாலைத்தான் வீடு என்று ஊரில் காட்டுகிறார்கள். முறை வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

சித்தி குளத்தைப் பற்றி மெல்லப் பேச்செடுத்தாள். ஓட்டுநர் பெண்ணின் முகம் மாறியது. அப்புறம் கதை அவிழ்ந்தது. அவர்கள் எல்லாருமே அந்த விளம்பரத்தைப் பார்த்து, அந்த வீடியோவை நம்பி, முன்பணம் அனுப்பிவிட்டு, பெட்டியும் கையுமாக அந்தக் குளக்கரைக்கு வந்து நின்றவர்கள். வெல்டர் வந்து நின்றபோது அங்கே சமையற்காரர் ஏற்கெனவே பெட்டிமேல் உட்கார்ந்து வாத்துக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாராம். இரண்டு பேரும் ஒரே மூன்றாவது மாடிக்கு வந்தவர்கள் என்று தெரிந்ததும் சண்டை போடுவதா அழுவதா என்று புரியவில்லையாம். இப்போது யாரும் வீட்டில் உண்மையைச் சொல்ல முடியாமல் ஆளுக்கொரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஏமாந்தேன் என்று சொன்னால் உடனே திரும்பி வா என்பார்கள்.

இவர்களை எல்லாம் ஒன்று சேர்த்தது பல்லக்காதான், பல் செட் கட்டுகிறதால் அவளுக்கு அந்தப் பெயர் என்றாள் ஓட்டுநர் பெண். எந்த அறையைக் காட்டி ஏமாற்றினான் என்று கண்டுபிடித்ததும் அவள்தான். வீடியோவில் அந்த ஆப்பிளைப் பார்த்து, இது மெழுகு, நான் நாளெல்லாம் கையில் உருட்டுகிற சமாச்சாரம் என்று சொல்லிவிட்டு, ஊரில் உள்ள கடை கடையாக ஏறி இறங்கி இங்கே வந்து சேர்ந்தாளாம்.

"அவ எங்க?" என்றார் லிஃப்ட்காரர். "நான் அவ அண்ணன்."

ஓட்டுநர் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் கண் ஒரு நொடி அலமாரிப் பக்கம் போய்த் திரும்பியது. பல்லக்கா இன்றைக்கு வரவில்லை, எங்கே என்று தெரியாது என்றாள். சொன்ன வேகமே சரியில்லை.

சித்தி அலமாரியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கால் வலிக்கிறது என்று சோபாவில் உட்கார்ந்து, லிஃப்ட்காரரைப் பார்த்து, கொஞ்ச நேரம் எதுவுமே பேசக் கூடாது, என்ன பார்த்தாலும் பேசக் கூடாது என்று சொன்னாள். சித்திக்கு உடம்பு முடியவில்லையோ என்று குச்சிக்குக் கவலை வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பச்சைச் சட்டை வந்தார். எல்லாரும் தயவுசெய்து வெளியேறுங்கள், டிக், சுத்தம் செய்ய வேண்டும் என்றார். ஒரு கையில் வாளி, மறு கையில் துணி. ஓட்டுநர் பெண்ணும் மற்றவர்களும் மறுபேச்சு பேசாமல் போனார்கள். சித்தியும் எழுந்து நடந்தாள். தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் திரும்பியதும் அவள் குச்சியின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவன் பேனாவைப் பாத்தியா?"

"பாத்தேன். அதத்தான் டிக் டிக்குன்னு அமுக்கறான்."

"ரெண்டு கையிலயும் சாமான் வச்சுக்கிட்டு எப்படிடா அமுக்குவான்? அதுவும் மூடி போட்ட பேனா. மூடி போட்ட பேனா என்னிக்குடா டிக்குன்னுச்சு?"

குச்சியின் காதுக்குள் வீடியோவில் கேட்ட தேன் குரலும் வாசலில் கேட்ட குரலும் ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்தன. கடைச் சிப்பந்தி என்று எல்லாரும் நம்பிய ஆளுக்குக் கடையின் அடையாள அட்டைகூட இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. லிஃப்ட்காரர் முஷ்டியை மடக்கிக்கொண்டு பாய்ந்தார். சித்தி ஒரே ஒரு விரலை உயர்த்தினாள். அவர் நின்றார்.

அந்த அறைகளுக்குக் கூரை கிடையாது. சுவரும் ஓர் ஆள் உயரம்தான். குச்சி குதிகாலைத் தூக்கினால் போதும், அந்தப் பக்கம் முழுசாகத் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் உயரத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டான்.

பச்சைச் சட்டை வாளியைக் காலால் ஓரம் தள்ளினார். விலை அட்டைகளைத் திண்டுக்குள் செருகினார். ஆப்பிளைக் கடி தெரியாமல் திருப்பி வைத்தார். போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார். குரல் தேனாயிற்று. வணக்கம் தங்கச்சி, நேற்று கேட்டீர்களே, இதுதான் ஹால், டிக், மாலை வெயில் நன்றாக விழும், டிக், தனியாக இருக்கிற பெண்ணுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது, துணிமணி வைக்கத் தாராளமாக இடம் இருக்கிறது, பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே அலமாரிக் கதவைத் திறந்தார்.

உள்ளே ஒல்லியான ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கையிலும் ஒரு போன் இருந்தது. அது அவரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

"வாங்க," என்றாள் அவள் சாவகாசமாக. "வீடு பாக்க வந்தீங்களா?"

பச்சைச் சட்டையின் வாய் அகலத் திறந்தது. திறந்த வாயிலிருந்து மேல் வரிசைப் பல் முழுசாகக் கழன்று, தரையில் விழுந்து, 'டிக்' என்றது.

அவர் ஓடினார். வாளியைத் தாண்டி, வெல்டரைத் தள்ளி, அம்புக்குறி காட்டிய பக்கம் பறந்தார். குச்சி துரத்தக் கிளம்பினான். சித்தி அவனைத் தடுத்து, போய்ச் சோபாவில் உட்காரச் சொன்னாள்.

"ஓடட்டும் விடு. நீ எத்தன தடவ சுத்துன? தட்டு டம்ளர் போய், படுக்கை விரிப்பு போய், இங்கதான் வரணும்."

வாசல் பக்கம் போகிற ஒரே வழியில் ஓட்டுநர் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளைச் சுற்றிக்கொண்டு போக இடமே இல்லை.

அதற்குள் அலமாரியிலிருந்து இறங்கிய தங்கை அண்ணனைப் பார்த்தாள். அவர் முகம் போகிற போக்கை அவள்தான் பார்க்க வேண்டியதாகப் போயிற்று. கன்னத்தில் அறையப் போகிறவர் மாதிரி கையை ஓங்கினார். ஓங்கிய கை அவள் தலைமேல் வந்து அப்படியே நின்றுவிட்டது. காலையிலிருந்து அலமாரிக்குள் இருந்ததாகவும், போன் மணி அடித்தால் காரியம் கெட்டுவிடும் என்று அழைப்பு எதுவும் வராமல் துண்டித்து வைத்திருந்ததாகவும் அவள் மெதுவாகச் சொன்னாள். நேற்று வேறு எண்ணிலிருந்து அந்த ஆளிடம் வீடு கேட்டு வலை விரித்தவள் ஓட்டுநர் பெண்தான். முகம் தெரியாதவனைக் குரலை வைத்துத்தான் பிடிக்க முடியும் என்று பல்லக்காவுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். பேசும்போது கேட்ட டிக் சத்தம், அளவு சேராத பல் செட் அண்ணத்தை விட்டு இறங்கி ஏறுகிற சத்தம் என்று அவள் முதல் நாளே சொல்லிவிட்டாளாம்.

"அப்ப நாங்க தேடி வந்தது..." என்று குச்சி இழுத்தான்.

"கெடுக்க வந்தீங்க," என்றாள் ஓட்டுநர் பெண் அங்கிருந்தே. "அவன் பின்னாடியே கேள்வி கேட்டுக்கிட்டு வந்து நின்னீங்களே, இன்னிக்கு வராமலே போயிடுவானோன்னு எனக்கு உசிரே இல்ல."

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் தொழிலில் இப்படிச் சிரித்து குச்சி பார்த்ததில்லை. அலமாரிக் கதவிடுக்கில் துப்பட்டா நுனி சிக்கியிருந்ததைப் பார்த்ததும் ஆள் உள்ளே பத்திரம் என்று தெரிந்துவிட்டது, அதற்கு மேல் இது உங்கள் வழக்கு, நான் வெறும் பார்வையாளர் என்று ஒப்புக்கொண்டாள்.

படுக்கை விரிப்புப் பகுதியிலிருந்து மூச்சிரைக்கிற சத்தம் கேட்டது. பச்சைச் சட்டை ஒரு பூப்போட்ட விரிப்பு தோளில் சிக்கிய கோலத்தில் தலைதெறிக்க வந்து, அறையைப் பார்த்ததும் தேங்கி நின்றார். எல்லாரும் சோபாவிலும் கட்டிலிலும் உட்கார்ந்து அவருக்காகக் காத்திருந்தார்கள். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கடை மேலாளர் வந்து, இப்படி ஒரு ஆள் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தார். காவலர்கள் வந்தார்கள். காலையில் லிஃப்ட்காரரை அனுப்பிவைத்த அதே அதிகாரிதான். அவரை நேருக்கு நேர் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார். விசாரணை அங்கேயே முட்டி நின்றது. பல் இல்லாமல் அந்த ஆள் பேசியது எந்த மொழியிலும் யாருக்கும் புரியவில்லை.

பல்லக்கா தரையில் கிடந்த செட்டைக் கைக்குட்டையால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அவள் நெற்றி சுருங்கியது. இதை யார் கட்டினது, ஒழுங்காக அளவே எடுக்கவில்லையே என்று அந்த ஆளிடம் நிஜமான அக்கறையோடு கேட்டாள். கழுவிக் கொடுத்தாள். அவர் மாட்டிக்கொண்டு, டிக், எல்லாவற்றையும் சொன்னார்.

சாயங்காலம் அண்ணன் கேட்டார், எங்கே தூங்குகிறாய் என்று. அவள் கூட்டிக்கொண்டு போனாள். சித்தியும் குச்சியும் காரில் இறக்கிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அவள் உள்ளே வாருங்கள் என்றாள்.

பல் ஆய்வுக்கூடத்தின் பின்பக்கச் சாமான் அறை. முதலாளியிடம் உள்ளதைச் சொன்னபோது, வேறு இடம் கிடைக்கிற வரை இருந்துகொள் என்று சாவியைக் கொடுத்திருந்தார். ஒரு மடக்குக் கட்டில், ஒரு மின்சார அடுப்பு, துணி காயும் ஒரு கயிறு. மூன்று பக்கச் சுவரிலும் தட்டுத்தட்டாக, பல் அளவெடுத்து வார்த்த வெள்ளைத் தாடைகள். ஊரில் உள்ள அத்தனை பேருடைய வாயும் அங்கே திறந்தபடி உட்கார்ந்திருந்தன. குச்சி குனிந்து நுழைந்து, ஒரு மூலையில் ஒதுங்கி நின்றான்.

லிஃப்ட்காரர் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து, மறுபடி போட்டுத் திறந்து பார்த்தார். சன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார். அடுப்பின் வயரை விரலால் தடவிக்கொண்டே போய்ச் சுவர் வரை பார்த்தார். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, ஓட்டுநர் பெண்ணோடும் மற்ற பெண்களோடும் சேர்ந்து ஒரு நிஜ வீடு பார்க்கலாம், நான் ஊருக்குப் போவதற்குள் நேரில் வந்து பார்க்கிறேன், வீடியோவில் வேண்டாம் என்று சொன்னார். அவள் தலையாட்டினாள்.

அப்போது அவள் போன் ஒலித்தது. அம்மா. வீடியோ அழைப்பு.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் எடு என்று கையைக் காட்டினார். அவள் எடுத்தாள். ஆனால் வலது கோடி, இடது கோடி என்று எதையும் மறைக்கத் தேடவில்லை. போனை மெதுவாகச் சுற்றிக் காட்டினாள்: கயிறு, அடுப்பு, தாடைகள், பெட்டியோடு உட்கார்ந்திருக்கிற அண்ணன், தலை கூரையில் இடிக்க நிற்கிற முன்பின் தெரியாத ஒரு நெட்டை ஆள். பிறகு கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இதுதான்மா நான் இருக்கிற இடம், அந்த வீடு பொய் என்றாள்.

குச்சி போனை எட்டிப் பார்த்தான். அம்மா திரைக்கு மிக அருகில் வந்து, கண்ணைச் சுருக்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பெரிய வீட்டுல நீ ஒரு நாள்கூடக் காலை மடக்கி உக்காந்து நான் பாக்கலடி," என்றாள் அம்மா கடைசியில். "விருந்தாளி மாதிரி நுனியிலேயே உக்காந்திருப்ப. எப்ப எந்திரிச்சுப் போகச் சொல்லுவாங்களோன்னு. எனக்கு அத நினைச்சுத் தூக்கமே இல்ல. இன்னிக்குத்தான் நீ வீட்டுல இருக்க."